'எ க்ளாக்வொர்க் ஆரஞ்ச்' படத்தைக் கழற்றிப் பார்ப்பது எப்படி

ஸ்டான்லி குப்ரிக்கின் இந்தப் படம் 1971 டிசம்பரில் வெளிவந்தது. அடிதடியையும் பலாத்காரத்தையும் பொழுதுபோக்காகக் கொண்ட அலெக்ஸ் என்ற இளைஞன், அவனைத் 'திருத்த' அரசாங்கம் செய்யும் சிகிச்சை, சிகிச்சைக்குப் பின் அவன் படும் பாடு: கதை இவ்வளவுதான். அந்த நாட்களில் தனக்கு மிகவும் பிடித்த படம் என்று ஸ்பானிய இயக்குநர் லூயிஸ் புனுவேல் இதைச் சொன்னார். பார்ப்பதற்கு முன்னால் இதன்மேல் தனக்கு நல்ல எண்ணம் இல்லை என்றும் ஒப்புக்கொண்டார். படம் வன்முறையைக் காட்டுகிறதா, கொண்டாடுகிறதா என்ற சண்டை அன்றைக்கே தொடங்கி இன்னும் ஓயவில்லை.

அபிப்பிராயங்களை மோதவிட்டால் அது ஓயவும் ஓயாது. லென்ஸ், வெட்டு, இசை, குரல் நான்கையும் தனித்தனியாகப் பிரித்து, எந்த இடத்தில் படம் நம்மை அலெக்ஸ் பக்கம் சாய்க்கிறது, எந்த இடத்தில் கைவிடுகிறது என்று குறித்துக்கொண்டால் வாதம் கைக்கு அடங்கும். படம் எடுக்கப் பழகுகிறவர்களுக்கும் திரைப்படச் சங்கம் நடத்துகிறவர்களுக்கும் அதற்கான வழிமுறை கீழே.

முதலில் ஒரு எச்சரிக்கை. இது வயது வந்தவர்களுக்கான படம். முதல் கால் மணி நேரத்துக்குள்ளேயே பாலியல் வன்முறைக் காட்சிகள் வந்துவிடும். சிகிச்சைப் பகுதியில் மறுபடியும் வரும். குழுவாகப் பார்ப்பதாக இருந்தால் இதை அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். விளக்கை அணைத்த பிறகு சொல்வதில் பயனில்லை. வாசல் பக்கம் நாலு இருக்கையைக் காலியாக விட்டால், எழுந்து போக நினைப்பவர் எல்லோரையும் தாண்டிப் போக வேண்டியதில்லை.

எந்தப் பிரதி

படத்தின் நீளம் சுமார் 136 நிமிடம். கையில் உள்ள பிரதி 131 நிமிடம் காட்டினால் வெட்டிவிட்டார்கள் என்று பதற வேண்டாம். பெரும்பாலும் அது பழைய 'பால்' (PAL என்ற தொலைக்காட்சி முறை) டிவிடியாக இருக்கும். விநாடிக்கு 24 ஃப்ரேமில் (தனித்தனிப் படங்களில்) எடுத்ததை 25 ஃப்ரேமில் ஓட்டுவதால் நேரம் 4 சதவீதம் சுருங்கும். சுருதியும் அந்த அளவுக்கு ஏறிவிடலாம். ஷாட்களின் நீளத்தை அளக்கவும் இசையைக் கவனிக்கவும் போகிறோம் என்பதால் இந்தப் பிரதி உதவாது. ப்ளூ-ரேயோ 4கே டிஸ்க்கோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து சட்டகம். படத்தின் அகல-உயர விகிதம் 1.66:1. 16:9 திரையில் இடமும் வலமும் மெல்லிய கறுப்புப் பட்டை தெரிய வேண்டும். பட்டையே இல்லாமல் திரை முழுதும் நிறைந்தால், மேலும் கீழும் நறுக்கப்பட்டிருக்கிறது அல்லது படம் இழுக்கப்பட்டிருக்கிறது. தொலைக்காட்சியின் 'ஜூம்', 'ஃபுல்' அமைப்புகளை அணையுங்கள். நடுநடுவே செயற்கை ஃப்ரேம்களைக் கூட்டி அசைவை மழமழவென்று ஆக்கும் அமைப்பையும் மறக்காமல் அணையுங்கள். அது ஓடினால் வேகக் காட்சி, மெதுவோட்டக் காட்சி இரண்டையுமே நம்ப முடியாது.

ஒலி: படம் மோனோவில், அதாவது ஒரே தடத்தில், கலந்தது. டிஸ்க்கில் மோனோ தடம் இருந்தால் அதையே கேளுங்கள். பிற்காலத்து 5.1 (பல ஸ்பீக்கர்) கலவை இசையை அறை முழுதும் பரப்பிவிடுகிறது. குரலும் இசையும் ஒரே இடத்திலிருந்து வந்து மோதும் இறுக்கம் அதில் தளர்ந்துவிடும்.

வடிவங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் எக்ஸ் (பெரியவர்களுக்கு மட்டும்) சான்றிதழோடு வந்த படத்துக்கு அதைவிடத் தளர்வான ஆர் சான்றிதழ் வாங்க, 1972-இல் இரண்டு காட்சிகளில் சுமார் 30 விநாடிகளை மென்மையான துண்டுகளால் மாற்றினார் குப்ரிக். இன்றைக்குக் கிடைக்கும் டிஸ்க்குகளில் இருப்பது மாற்றத்துக்கு முந்தைய வடிவம்.

பொதுவில் திரையிட, சொந்தமாக வாங்கிய டிஸ்க் போதாது. உரிமையாளரிடம் திரையிடல் அனுமதி பெற வேண்டும். லண்டனின் ஸ்காலா திரையரங்கம் அனுமதியின்றித் திரையிட்டு, 1993-இல் வழக்கில் தோற்று, அதோடு மூடப்பட்டது. அப்போது பிரிட்டனில் இந்தப் படத்தை எங்குமே காட்ட முடியாது. 'அரசு தடை செய்தது' என்று பலரும் எழுதுவது தவறு. தணிக்கைக் குழு வெட்டில்லாமல் அனுமதித்த படம் அது. பத்திரிகைகள் சில குற்றங்களை இதோடு முடிச்சுப் போட்டன. குப்ரிக் குடும்பத்துக்கு மிரட்டல்கள் வந்தன. அவரே கேட்டுக்கொண்டதால் வார்னர் நிறுவனம் படத்தைத் திரும்பப் பெற்றது. 1999 மார்ச்சில் அவர் இறந்தபின், 2000-இல்தான் மறுபடி வெளிவந்தது. கலந்துரையாடலில் முதலில் கிளம்பும் தவறு இதுதான், தயாராக இருங்கள்.

நான்கு முறை பார்ப்பது

ஒரே முறை பார்த்து எழுதினால் நினைவில் நிற்பது வெள்ளை உடை, தொப்பி, ஒற்றைக் கண் இமைமுடி, அலெக்ஸின் கும்பல் கூடும் பால் கடை இவைதான். அவை உடைவடிவமைப்பின் வெற்றி. நமக்கு வேண்டியது வேறு.

முதல் முறை நிறுத்தாமல், குறிப்பெடுக்காமல் பாருங்கள். முடிந்தவுடன் ஒரே ஒரு தாளில், எங்கெல்லாம் சிரிப்பு வந்தது, எங்கெல்லாம் முகத்தைத் திருப்பத் தோன்றியது என்று எழுதி மடித்து வையுங்கள். நாளை எழுதலாம் என்று விட்டால், மனம் அதற்குள் தன்னை நல்லவனாகத் திருத்திக்கொண்டுவிடும்.

இரண்டாம் முறை ஒலியை முழுதும் அணைத்து, தேர்ந்தெடுத்த ஆறு காட்சிகளை மட்டும் பாருங்கள்: பால் கடைத் தொடக்கம், கைவிடப்பட்ட அரங்கில் நடக்கும் கும்பல் சண்டை, எழுத்தாளர் வீட்டுக்குள் புகுவது, ஏரிக்கரை, சிறைச் சேர்க்கை, காவலர்கள் அவனைத் தொட்டித் தண்ணீரில் அமுக்குவது. முழுப் படத்தையும் ஷாட் ஷாட்டாக அட்டவணை போடக் கிளம்புகிறவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். ஆறே போதும்.

அட்டவணைக்கு இத்தனை கட்டங்கள் வேண்டும்: தொடங்கும் நேரம், ஷாட்டின் நீளம் விநாடியில், கேமராவின் உயரம் (அலெக்ஸின் கண்ணுக்கு மேலா, கீழா), லென்ஸ் அகலமா குறுகலா, கேமரா அசைகிறதா, அலெக்ஸ் எங்கே பார்க்கிறான், அடி வாங்குகிறவரின் முகம் தெரிகிறதா. கடைசிக் கட்டம்தான் முக்கியம். அதைப் பெரும்பாலானோர் போடுவதில்லை.

லென்ஸைக் கண்ணால் கண்டுபிடிக்கலாம். இந்தப் படத்தில் 9.8 மி.மீ. கினாப்டிக் லென்ஸ் பயன்பட்டது, 35 மி.மீ. படச்சுருளில் அதன் பார்வை அகலம் ஏறக்குறைய 95 டிகிரி. அது மீன்கண் லென்ஸ் அல்ல. நேர்கோடுகள் நேராகவே நிற்கும், ஆனால் ஓரத்தில் இருக்கும் தலைகளும் கைகளும் வெளிப்புறமாக இழுபடும். சுவரின் விளிம்பு நேராக இருந்து ஓரத்து ஆள் மட்டும் அகன்று தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள். கேமராவை நோக்கி ஒருவர் நடக்கும்போது இரண்டு அடியிலேயே முகம் பெருத்துவிட்டால் அதுவும் அகல லென்ஸ்தான்.

ஜூமா, டிராலியா (சக்கரத்தில் கேமராவே நகர்வது) என்று தெரியாமல் திண்டாடுவார்கள். விதி எளிது. கேமராவே நகர்ந்தால் அருகிலுள்ள பொருள் தூரத்துப் பொருளை மறைக்கும், பிறகு விலகும். ஜூமில் எல்லாம் ஒன்றுபோலச் சுருங்கும், எதுவும் எதையும் புதிதாக மறைக்காது. பால் கடையில் அலெக்ஸின் கண்ணிலிருந்து பின்வாங்கும் முதல் ஷாட்டில் மேசைச் சிலைகள் இருபுறமும் உள்ளே வந்து, தூரத்தில் இருப்பவற்றை மறைப்பதைப் பாருங்கள். அது டிராலி.

மூன்றாம் முறை திரையை மூடிவிட்டு அதே ஆறு காட்சிகளைக் காதால் மட்டும் கேளுங்கள். ஆங்கில இசையமைப்பாளர் பர்செல், ராணி மேரியின் இறுதிச் சடங்குக்கு எழுதிய இசையை வெண்டி கார்லோஸ் மூக் சின்தசைசர் என்ற மின்னணு வாத்தியத்தில் வாசித்ததுதான் தொடக்க இசை. கும்பல் சண்டைக்கும் ஏரிக்கரைக்கும் இத்தாலிய இசையமைப்பாளர் ரொஸ்ஸினியின் ஒரே ஓபரா முன்னிசை. சிறைச் சேர்க்கையில் இசையே இல்லை. பெட்டி திறக்கும் சத்தமும், 'சார்' போடச் சொல்லி அதட்டும் காவலரின் குரலும்தான். அலெக்ஸின் குரல் எங்கே நுழைகிறது, எங்கே வாயடைக்கிறது என்று நிமிடத்தோடு எழுதுங்கள். 'என் சகோதரர்களே' என்று அவன் நம்மைக் கூப்பிடும் இடங்களில் தனி அடையாளம் போடுங்கள். படம் நம்மைக் கூட்டாளியாக்கும் வேலையில் பாதி அந்தக் குரலில் முடிந்துவிடுகிறது.

நான்காம் முறைதான் உண்மையான அறுவடை. ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் முதல் பாதியில் அலெக்ஸ் யாரை எப்படித் தாக்கினான்: சுரங்கப்பாதையில் கிழவர், எழுத்தாளரும் மனைவியும், ஏரிக்கரையில் சொந்தக் கூட்டாளிகள். வலப்பக்கம் சிகிச்சைக்குப் பின் அவர்களே அவனை எப்படித் தாக்குகிறார்கள்: அதே கிழவரும் சகாக்களும், போலீஸாகிவிட்ட அதே கூட்டாளிகள், அதே வீட்டில் அதே எழுத்தாளர். இப்போது இரு பக்கத்துக்கும் லென்ஸ், இசை, ஷாட்டின் நீளம் மூன்றையும் எதிரெதிரே எழுதுங்கள்.

முதல் பாதியில் அடி நடனமாக வருகிறது. சுரங்கப்பாதையில் பின்னாலிருந்து பலமான விளக்கு, நீண்ட நிழல்கள், அழகான சட்டகம். அரங்கில் ரொஸ்ஸினி ஓட, நாற்காலி உடைவது தாளத்தோடு விழுகிறது. தொட்டிக் காட்சியில் கேமரா ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. வெட்டு வந்து நம்மைக் காப்பாற்றாது. அவன் தலை தண்ணீருக்குள் இருக்கும் நேரம் முழுதும் நாமும் நிற்க வேண்டும். அடிபடுபவர் யார் என்பதைப் பொறுத்து படம் தன் மொழியையே மாற்றிக்கொள்கிறது. அலெக்ஸுக்கு வலிக்கும்போது மட்டும் வலி வலியாகத் தெரிகிறது. குப்ரிக்கைக் குறை சொல்பவர்கள் 'இது நியாயமா' என்று கேட்பது இங்கேதான். ஆதரிப்பவர்கள் 'இது அலெக்ஸ் சொல்லும் கதை, அப்படித்தான் இருக்கும்' என்பதும் இதே இடத்தை வைத்துத்தான். இரண்டு தரப்புக்கும் ஆதாரம் ஒரே அட்டவணையில் இருக்கிறது. எங்கள் சார்பு இரண்டாவது பக்கம். ஆனாலும் எழுத்தாளர் வீட்டுக் காட்சிக்கு அந்தப் பதில் முழுதாகப் போதவில்லை. அங்கே கேமரா, தரையில் கிடக்கும் கணவனின் கண்ணாகவும் ஆகிறது, அலெக்ஸ் அந்தக் கண்ணுக்குள் குனிந்து 'நன்றாகப் பார்' என்கிறான். ஆனால் மனைவியின் பார்வைக்குப் படம் போவதே இல்லை.

ஒப்பீட்டுக்கு ஒரு படம் வேண்டுமென்றால் புனுவேலின் 'லாஸ் ஓல்விதாதோஸ்' (1950). மெக்சிகோ நகரத்துத் தெருப் பையன்கள், கண்பார்வையற்ற முதியவரைக் கல்லால் அடிப்பது, கொலை. அதில் கதைசொல்லும் குரல் எந்தப் பையனுடையதும் அல்ல. ஒரு பையன் முட்டையை எடுத்து நேராக லென்ஸின்மேல் எறிகிறான். அலெக்ஸ் லென்ஸைப் பார்த்து நம்மை அழைக்கிறான்; இந்தப் பையன் நம்மைத் துரத்துகிறான். இரண்டு ஷாட்களையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினால் ஒரு மணி நேரப் பேச்சுக்குத் தாங்கும்.

படத்துக்கு மூலமான நாவலைத் துணைக்கு எடுக்கலாமா என்று கேட்பார்கள். எடுக்கலாம், பதிப்பைப் பார்த்து. ஆந்தனி பர்ஜெஸ் 1962-இல் எழுதியது 21 அத்தியாயம். அமெரிக்கப் பதிப்பில் கடைசி அத்தியாயம் விடுபட்டிருந்தது. குப்ரிக் திரைக்கதை எழுதியது அதை வைத்துத்தான். 21-ஆவதில் அலெக்ஸ் வளர்ந்து, வன்முறையில் சலிப்படைகிறான். படத்தின் முடிவைப் பர்ஜெஸின் முடிவு என்று நினைத்து வாதாடினால் காலை வாரிவிடும்.

கையால் செய்து பார்க்கும் பயிற்சிகள்

பின்வாங்கும் ஷாட். குப்ரிக் சக்கர நாற்காலியை டிராலியாகப் பயன்படுத்தினார். இன்றும் அது நல்ல வழி. டயரில் காற்றைக் கொஞ்சம் குறையுங்கள், தரையைப் பெருக்குங்கள். கேமராக்காரர் உட்கார, இன்னொருவர் பின்னோக்கி இழுக்க வேண்டும். சூப்பர் 35 அளவு சென்சாரில் 10 மி.மீ. லென்ஸ், எஃப் 4 (லென்ஸ் துவாரத்தின் அளவு), ஃபோகஸ் 1 மீட்டர் என்று வைத்தால் அரை மீட்டரிலிருந்து முடிவிலிவரை கூர்மையாக இருக்கும். ஃபோகஸைத் தொடவே வேண்டாம். ஆனால் அரை மீட்டரில் மூக்கு பெருத்து முகம் கோமாளித்தனமாகிவிடும். 25 மி.மீ. போட்டால் முகம் சரியாக இருக்கும், ஃபோகஸ் இழுக்க ஆள் வேண்டும். இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். இழுப்பின் வேகம் கூடினால் ஷாட்டின் மிரட்டல் போய்விடும். விநாடிக்கு 10 செ.மீ. அளவில் தொடங்குங்கள்.

வேகக் காட்சி. 'வில்லியம் டெல்' இசைக்கு ஓடும் படுக்கையறைக் காட்சி விநாடிக்கு 2 ஃப்ரேமில் எடுத்தது, அதாவது 12 மடங்கு வேகம். திரையில் 40 விநாடி வேண்டுமென்றால் நடிப்பவர்கள் 8 நிமிடம் விடாமல் நடிக்க வேண்டும். ஆடையைக் கழற்றுவதெல்லாம் வேண்டாம். ஒரு அறையை இருவர் ஒழுங்குபடுத்துவது போதும். ட்ரைபாட் அசையக் கூடாது. அரை விநாடிக்கு ஒரு ஃப்ரேம் எடுக்கும்படி இடைவெளியை அமைத்து, ஷட்டர் 1/4 விநாடி. வழக்கமான 1/48-ஐ விட 12 மடங்கு ஒளி புகும் என்பதால் 16 மடங்கு குறைக்கும் என்.டி. ஃபில்டர் போட்டு, மீதியை ஐரிஸை (லென்ஸ் துவாரத்தை) கொஞ்சம் திறந்து சரிக்கட்டுங்கள். ஆட்டோ எக்ஸ்போஷர், ஆட்டோ ஃபோகஸ் இரண்டும் இயங்கினால் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் படம் துடிக்கும்.

24 ஃப்ரேமில் எடுத்து எடிட்டிங்கில் வேகப்படுத்தலாமே என்றால், ஒவ்வொரு ஃப்ரேமும் 1/48 விநாடியில் உறைந்தது. அசைவின் மங்கல் இருக்காது, படம் வெட்டி வெட்டிக் குதிக்கும். இன்னொரு தவறு நடிப்பில். 3 விநாடி எடுக்கும் ஒரு கையசைவு திரையில் 6 ஃப்ரேம்தான். தெரிய வேண்டிய எதையும் 6 விநாடியாவது பிடித்து நிற்கச் சொல்லுங்கள்.

மெதுவோட்டம். ஏரிக்கரையில் மெதுவோட்டம் அடியோடு தொடங்குவதில்லை, அடிக்கலாமா என்று அலெக்ஸ் முடிவெடுக்கும் நேரத்திலேயே தொடங்கிவிடுகிறது. நடை மெதுவாகும்போதே நமக்குத் தெரிந்துவிடுகிறது. எனவே 96 ஃப்ரேமில் எடுத்து 24-இல் ஓட்டிப் பழகும்போது, கையோங்குவதற்கு நாலு காலடி முன்பிருந்தே தொடங்குங்கள். பகல் ஒளியில் எடுங்கள். மின்விளக்கில் இந்த வேகத்தில் எடுத்தால் ஒளி பளிச் பளிச் என்று அடிக்க வாய்ப்பு அதிகம்.

இசை மாற்றம். நீங்களே எடுத்த ஒரு நிமிடச் சண்டையை மூன்று பிரதி எடுங்கள். ஒன்று இசையில்லாமல், ஒன்று பதற்றமான பின்னணியோடு, ஒன்று உற்சாகமான வாத்திய இசையோடு. மூன்றாவதில் பலரும் செய்யும் பிழை, ஒவ்வொரு குத்தையும் தாளத்தில் உட்காரவைப்பது. அப்போது அது கார்ட்டூன் ஆகிவிடும். மூன்றுக்கு ஒன்று தாளத்தில் விழுந்தால் போதும். ரொஸ்ஸினி எழுதியதற்குக் காப்புரிமை இல்லை, ஆனால் இன்றைய குழு வாசித்த பதிவுக்கு உண்டு. வெளியிடுவதாக இருந்தால் கவனம்.

எழுத்தாளர் வீட்டில் வரும் 'சிங்கிங் இன் த ரெய்ன்' திரைக்கதையில் இல்லாதது. ஒத்திகையில் அலெக்ஸாக நடித்த மால்கம் மெக்டோவெல்லுக்கு முழுதாகத் தெரிந்த பாட்டு அது என்பதால் பாடினார். குப்ரிக் உடனே உரிமையை வாங்கினார். பிறகு அந்தப் பாட்டே கதையின் முடிச்சாகிவிட்டது: குளியலறையில் அலெக்ஸ் அதை முணுமுணுக்க, எழுத்தாளர் அடையாளம் கண்டுகொள்கிறார். ஒத்திகையை ஒருவர் ஃபோனிலாவது பதிவு செய்யட்டும்.

அடிதடியைப் படமாக்கும்போது உண்மையான தொடுதல் எதுவும் வேண்டாம். முஷ்டிக்கும் முகத்துக்கும் 30 செ.மீ. இடைவெளி விட்டு, இரண்டும் லென்ஸின் ஒரே கோட்டில் வரும்படி கேமராவை வையுங்கள். அகல லென்ஸ் இடைவெளியைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் 50 மி.மீ. அல்லது அதற்கு மேல். தலையைத் திருப்புவது அடி வாங்குபவரின் பொறுப்பு, அவரே வேகத்தை முடிவு செய்யட்டும். சிகிச்சையின்போது அலெக்ஸின் கண்ணிமைகளைக் கவ்வித் திறந்துவைக்கும் காட்சியை யாரும் நகலெடுக்க வேண்டாம். பக்கத்தில் மருத்துவர் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே இருந்தும் மெக்டோவெல்லின் கருவிழியில் கீறல் விழுந்தது. சிகிச்சைக்குப் பிந்தைய மேடைக் காட்சியில் விலா எலும்பிலும் அடிபட்டார்.

கடைசியாக, அலெக்ஸ் ஜன்னலிலிருந்து விழும் ஷாட். குப்ரிக் வாங்கியது ஒரு பழைய நியூமேன்-சின்க்ளேர், சாவி கொடுத்து ஓடவைக்கும் ஸ்பிரிங் கேமரா. சுற்றிலும் சுமார் 18 அங்குலத் தடிமனுக்கு தெர்மோகோல் பெட்டி, லென்ஸுக்கு மட்டும் திறப்பு. லென்ஸ் கீழ்நோக்கி விழவைக்க ஆறு முறை எறிய வேண்டியிருந்தது; ஆறாவதில் லென்ஸ் நொறுங்கியது, கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பயன்படாத ஒரு ஃபோனை வைத்து இதைச் செய்யலாம். பெட்டியின் லென்ஸ் பக்கம் அரை கிலோ எடையைச் சமமாக ஒட்டினால் அந்தப் பக்கம் கீழே திரும்பும் வாய்ப்பு கூடும். ஒரு மாடிக்கு மேல் வேண்டாம்: 3 மீட்டர் விழ 0.8 விநாடி ஆகும், 24 ஃப்ரேமில் அது 19 ஃப்ரேம். 60 ஃப்ரேமில் எடுத்தால் திரையில் 2 விநாடி கிடைக்கும். ஷட்டரை 1/500-க்குக் குறையாமல் வையுங்கள், இல்லாவிட்டால் தரை வெறும் சாம்பல் கோடாகத் தெரியும். கீழே யாரும் வராதபடி ஒருவரை நிறுத்திவிட்டு எறியுங்கள்.